தொலைக்காட்சிக் கட்டணமும் இல்லறச் சிக்கனமும்

தோற்றுவாய்

வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டும் என்னும் பேச்சு எழுந்த அளவில், முதலில் நிறுத்தப்படுவது கேபிள் தொலைக்காட்சியே. அரிசியை நிறுத்தல் இயலாது. மின்சாரத்தை நிறுத்தல் இயலாது. பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை நிறுத்தல் ஆகாது. "தொலைக்காட்சி இல்லையெனில் யார் உயிர் போய்விடும்?" என்று ஒருவர் வினவ, ஏனையோர் வாய் திறவாதிருப்பர். அடுத்த திங்கள் கேபிள்காரர் வந்து கதவைத் தட்டுங்கால் "இனி வேண்டா" என்னும் ஒரு சொல்லால் செயல் முடிந்துவிடும். இத்துணை எளிதில் முடியும் ஒன்றைப் பற்றி ஆராய யாது உளது எனச் சிலர் கருதலாம். யானும் அவ்வாறே கருதியிருந்தேன். எம் வீட்டுக் கணக்கை ஒரு தாளில் வரிவரியாக எழுதிப் பார்த்த பின்னரே என் கருத்துப் பிழை என அறிந்தேன். அக்கணக்கினையும் அதனாற் கற்ற பாடத்தினையும் இக்கட்டுரையிற் கூற முயல்கின்றேன்.

சிக்கனம் என்னும் சொல்

'சிக்கென' என்பது 'இறுக' என்னும் பொருளைத் தரும் சொல். சிக்கனமும் கையை இறுக்கிப் பிடித்தலேயாம். "கட்டுஞ் செட்டுமாகக் குடித்தனம் நடத்துகிறாள்" என்று நம் தாய்மார் ஒருத்தியைப் புகழ்வர். ஈண்டுச் 'செட்டு' என்பது செலவைச் சுருக்குதல். 'கட்டு' என்பது ஒழுங்கு. செட்டு மட்டும் இருந்து கட்டு இல்லையாயின், ஒரு பக்கம் சுருக்கியது மற்றொரு பக்கம் வழிந்தோடிவிடும். இவ்விரு சொற்களையும் இணைத்தே வழங்கிய முன்னோர் அறிவு வியத்தற்குரியது.

திருவள்ளுவர் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில், வரவு சிறிதாயினும் செலவு பெருகாதவழிக் கேடில்லை என்னும் கருத்தை அமைத்துள்ளார். அவரே 'குற்றங்கடிதல்' என்னும் அதிகாரத்தில், பொருளை விடவேண்டிய இடத்து விடாதிருக்கும் இவறன்மையைக் கடிந்துள்ளார். செலவை அளவிடுதல் அறம். விடவேண்டிய இடத்து விடாமை குற்றம். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள எல்லை யாண்டுளது என அறிவதே இல்லறக் கணக்கின் அருமை. கேபிள் தொலைக்காட்சி இவ்வெல்லையின்மேல் நிற்கும் ஒரு பொருள். அதனாலேதான் அஃது ஆராய்ச்சிக்கு ஏற்றதாகின்றது.

கட்டணம் வந்த வரலாறு

ஒலிபரப்பின் வரலாறு தொடக்கத்திலேயே பணமுடையோடு பின்னிக் கிடக்கின்றது. 1924-இல் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம் பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் தன் பணியை நிறுத்திற்று. அதன் கருவியைப் பெற்ற சென்னை நகராண்மைக் கழகம் 1930-இல் ஒலிபரப்பைத் தொடங்கிக் கடற்கரை முதலிய பொதுவிடங்களில் மக்கள் கூடிக் கேட்குமாறு செய்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இல் எழுந்தது. அந்நாளில் கேட்டல் என்பது பலர் கூடிச் செய்யுஞ் செயல் என்பதை மனத்திற் கொள்க. பின்னர் இதனை நினைவுகூர வேண்டியிருக்கும்.

தொலைக்காட்சி தில்லியில் 1959-இலும் சென்னையில் 1975-இலும் வந்தது. 1982-இல் தில்லியில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் பெற்றது. கூரைமேல் ஆண்டெனா ஒன்றை நிறுத்தினாற் போதும். நிகழ்ச்சிகளுக்கென மாதக் கட்டணம் என்பது இல்லை. 1991-இல் வளைகுடாப் போர்ச் செய்திகள் செயற்கைக்கோள் வழியாக வந்த பின்னர் நிலை மாறிற்று. ஊரில் ஒருவர் மாடியிற் பெருந்தட்டு ஒன்றை நிறுவித் தெருவிலுள்ள வீடுகளுக்கெல்லாம் கம்பி இழுத்துக் கட்டணம் பெறுந் தொழில் தழைத்தது. 1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. 1995-இல் கேபிள் தொழிலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

2006-இல் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கத் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் அவற்றைப் பெற்றன. பெட்டி ஒருமுறை விலையின்றி வந்தது; கட்டணமோ திங்கள்தோறும் வந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் நிறுவனம் திங்களுக்கு 70 ரூபாய் என்று கட்டணம் வகுத்தது ஏழையர்க்குப் பேருதவியாயிற்று.

2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. அதன்படி இணைப்புக்கெனப் பெறுந் தொகை 130 ரூபாய்க்கு மேற்படலாகாது. 18 விழுக்காடு வரியுடன் அது 153 ரூபாய் 40 காசு. அதற்குமேல் கட்டண அலைவரிசைகளுள் வேண்டியவற்றை ஒவ்வொன்றாகவோ தொகுப்பாகவோ பார்ப்பவரே தெரிந்தெடுக்கலாம். 2024-இல் அந்த 130 ரூபாய் வரம்பு நீக்கப்பட்டது. தெரிந்தெடுக்கும் உரிமை நீக்கப்படவில்லை. ஆயினும் அவ்வுரிமை உண்டென்பதையே எம் வீட்டில் ஒருவரும் அறிந்திலேம். கேபிள்காரர் சொன்ன தொகுப்பிற்குச் சொன்ன தொகையைக் கொடுத்து வந்தேம்.

ஒரு வீட்டுக் கணக்கு

நிற்க. இனி எம் வீட்டுக் கணக்கிற்கு வருவேன். எம் வீட்டில் பாட்டியார், தந்தையார், தாயார், தம்பி, யான் ஆகிய ஐவர் உளேம். கேபிளுக்குத் திங்கள் ஒன்றுக்கு 280 ரூபாய். ஆண்டிற்கு 3,360 ரூபாய். சென்ற ஆண்டு ஆனித் திங்களில் என் கல்லூரிக் கட்டணமும் தம்பியின் பள்ளிக் கட்டணமும் ஒருங்கே வந்து நெருக்கின. அப்பொழுது கேபிளை நிறுத்திவிடலாம் என்று முதலிற் கூறியவன் யானே. அதனைப் பெருந் தியாகமாகவே எண்ணிக் கூறினேன்.

பாட்டியாரையும் ஒரு சொற் கேட்டேம். "எனக்கு ஒன்றும் வேண்டாம் ஐயா, உங்கள் படிப்பு நடக்கட்டும்" என்றார். அதனை அவர் இசைவு என்று கொண்டேம்.

இரண்டு திங்கள் சென்றன. மிஞ்சியிருக்க வேண்டிய 560 ரூபாய் எங்கே என்று தாயார் வினவினார். அதற்கு விடை காணவே யான் தாளும் எழுதுகோலும் எடுத்தேன். கண்டது வருமாறு:

கேபிள் நின்றபின் தம்பியும் யானும் நிகழ்ச்சிகளைக் கைபேசியிற் காணத் தொடங்கினேம். முன்னர் எங்கள் இருவர் கைபேசிக்கும் 28 நாளுக்கு ஒருமுறை 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்து வந்தேம். டேட்டா போதாமையால் அது 349 ரூபாயாயிற்று. மாதந்தோறும் என்று நாம் வாயாற் சொல்லினும், 28 நாளுக்கு ஒருமுறை எனின் ஆண்டிற்கு 12 முறை அன்று, 13 முறையாம். ஆகவே, 50 ரூபாய் வீதம் 13 முறை, இருவர்க்கும் 1,300 ரூபாய் மிகுந்தது. கிரிக்கெட்டுப் போட்டிகளைக் காணவென ஒரு செயலிக்கு மூன்று திங்களுக்கு 299 ரூபாய் கட்டினேம். ஓராண்டிற்கு அது 1,196 ரூபாய். இரண்டுங் கூடி 2,496 ரூபாய். 3,360 ரூபாயினின்று இதனைக் கழிக்க எஞ்சுவது 864 ரூபாய். அஃதாவது திங்களுக்கு 72 ரூபாய். நாளுக்கு இரண்டு ரூபாய் நாற்பது காசினுங் குறைவு. பெற்றோரின் கைபேசிச் செலவு மாறாமையின் ஈண்டுக் கூட்டப்படவில்லை.

இந்த 72 ரூபாய்க்காக இழந்தது யாது? தந்தையார் கடைக்கும், தாயார் வேலைக்கும், யாங்கள் இருவரும் படிக்கவும் சென்றபின், காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பாட்டியார் வீட்டில் தனியர். கண் மங்கியமையால் வேதாகமத்தின் சிற்றெழுத்தை அவராற் படித்தல் இயலாது. முழங்கால் நோயால் ஆலயத்திற்கு நடத்தல் இயலாது; ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் வரும் ஆராதனையையே கேட்டு வந்தார். பிற்பகல் 2 மணிக்கு அடுத்த வீட்டு அம்மையார் வந்து அவரோடு அமர்ந்து தொடர்கதை ஒன்றைக் காண்பார். விடுமுறை நாளொன்றில் வீட்டில் இருந்தபொழுதே, அவ்வம்மையார் இப்பொழுது வருவதில்லை என்பதை யான் கண்டேன். வினவியதற்கு, "இங்கே வந்து என்ன செய்வாள்?" என்றார் பாட்டியார். தொடர்கதை பொருளன்று, அதனை முன்னிட்டு ஒருவர் வந்து அரைமணி நேரம் பேசியிருந்ததே பொருள். அதனையும் சேர்த்தே யாங்கள் நிறுத்திவிட்டேம்.

பொதுச் செலவும் தனிச் செலவும்

இக்கணக்கினாற் புலப்படும் உண்மை ஒன்றுளது. வீட்டுச் செலவுகள் பொதுச் செலவு எனவும் தனிச் செலவு எனவும் இருவகைப்படும். பலர் ஒருங்கே துய்ப்பதற்கு ஆவது பொதுச் செலவு. ஒருவர் மட்டும் துய்ப்பதற்கு ஆவது தனிச் செலவு. 280 ரூபாயை ஐவர்க்குப் பகுத்தால் தலைக்கு 56 ரூபாய். கைபேசி ரீசார்ஜோ ஒருவனுக்கே 299 ரூபாய். அந்த 299 ரூபாயை 13-ஆற் பெருக்க 3,887 ரூபாய். இருவர்க்கு 7,774 ரூபாய். கேபிள் கட்டணத்தினும் இஃது இரு மடங்கிற்கு மேற்பட்டது. கேபிளை நிறுத்துக என்று முன்வந்து கூறிய யான் என் கைபேசியைப் பற்றி ஒரு சொல்லுங் கூறினேனல்லேன். கடுகு போன இடத்தை ஆராய்ந்து பூசணிக்காய் போன இடத்தை அறியாதிருந்தவர் என்று பிறரை நகைப்பது எளிது. அப்பழமொழி எனக்கே பொருந்திற்று.

பொதுச் செலவு முதலில் வெட்டுண்பது ஏன் என்று ஆராய்தல் தகும். ஒருவர் வந்து கதவைத் தட்டி ஒரு தொகையாகப் பெறுவதால் அது கண்ணுக்குத் தெரிகின்றது. ரீசார்ஜ் செலவோ விரல் நுனியிற் கழிந்துவிடுகின்றது. மேலும், பொதுப்பொருளுக்குத் தனித் தலைவர் இலர். 'என்னுடையது' என்று அதனைக் காக்க ஒருவரும் முன்வாரார். கைபேசிக்குத் தலைவன் உளன். அவன் அதனை விட்டுக்கொடான். எனவே, செலவு குறைக்க முற்படும் வீடு, பலர்க்குப் பயன்படுவதை நிறுத்தி ஒருவர்க்குப் பயன்படுவதை வளர்த்துவிடுகின்றது. அன்று கடற்கரையிற் பலர் கூடிக் கேட்டனர். பின்னர்த் தெருவார் ஒரு வீட்டிற் கூடிக் கண்டனர். பின்னர் ஒரு வீட்டார் ஒருங்கு கண்டனர். இன்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையிற் காண்கின்றனர். காண்போர் சிறுகச் சிறுகச் செலவு பெருகியதன்றிக் குறைந்திலது.

பிறிதொன்றும் உண்டு. எம் வீட்டில் மறுத்துச் சொல்ல ஆற்றல் குறைந்தவர் பாட்டியார். அவர் "வேண்டாம்" என்றது விருப்பத்தின் விடையன்று; பேரப் பிள்ளைகளின்பால் வைத்த அன்பின் விடை. அதனை அறியாது சிக்கனத்தின் சுமையை அவர்மேல் ஏற்றினேம். இறுக்கிப் பிடித்தலே சிக்கனம் எனின், யார் கையால் இறுக்குகின்றோம், யார்மேல் இறுக்குகின்றோம் என்னும் இரண்டினையும் நோக்குதல் வேண்டும்.

மீண்டும் எழுதிய கணக்கு

அன்றிரவு உணவிற்குப் பின் ஐவரும் அமர்ந்து அக்கணக்கைப் படித்தேம். இம்முறை "வேண்டுமா?" என்று பாட்டியாரை வினவவில்லை, "எவ்வெவற்றைக் காண்பீர்கள்?" என்று வினவினேம். அவர் விரல் மடக்கிக் கூறியவை மூன்றே: ஆராதனை வரும் அலைவரிசை, தொடர்கதை வரும் அலைவரிசை, செய்தி அலைவரிசை. எங்கள் தொகுப்பில் இருந்த ஏனையவற்றுட் பல எங்களுள் ஒருவரும் காணாதவை. மொழியறியாதவையும் அவற்றுள் இருந்தன. கேபிள்காரரிடம் பேசித் தொகுப்பை விடுத்து வேண்டியவற்றை மட்டும் கேட்டபொழுது, கட்டணம் திங்களுக்கு 200 ரூபாயில் அடங்கிற்று. தம்பியும் யானும் செயலியை விடுத்துக் கைபேசியைப் பழைய 299 ரூபாய்க்கே மீட்டுக்கொண்டேம்.

இப்பொழுது மிச்சம் திங்களுக்கு 80 ரூபாய். ஆண்டிற்கு 960 ரூபாய். தொலைக்காட்சியை அறவே நிறுத்தியபொழுது மிஞ்சிய 864 ரூபாயினும் இது 96 ரூபாய் மிகுதி. பாட்டியார்க்குரியதைப் பறியாத கணக்கே எங்கட்குக் கூடுதலான பொருளையுந் தந்தது. இதனை யான் எதிர்பார்த்திலேன்.

ஆயினும், சொல்லளவில் மிஞ்சிய பொருள் மிஞ்சிய பொருளன்று. முன்னர் 560 ரூபாய் எங்கே போயிற்றென அறியாதிருந்தமையால், இம்முறை அதற்கு ஓர் இருப்பிடம் வகுத்தேம். அஞ்சலகத்தில் தொடர்வைப்புக் கணக்கிற்குத் திங்களுக்குக் குறைந்த அளவு 100 ரூபாய், காலம் ஐந்தாண்டு. 80 ரூபாயோடு எங்கள் கைச்செலவினின்று 20 ரூபாய் கூட்டி, பாட்டியார் பெயரில் கணக்குத் தொடங்கினேம். ஐந்தாண்டில் முதல் மட்டும் 6,000 ரூபாயாகும். பெருந்தொகையன்று, ஆயினும் எங்கே இருக்கின்றது என்று அறியப்பட்ட தொகை.

பிற வழிகள்

எல்லா வீட்டிற்கும் எம் வழியே பொருந்தும் என்னேன். அரசின் தூர்தர்ஷன் நிறுவனம் 2004 முதல் நடத்திவரும் வீட்டுத்தட்டுச் சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை. தட்டிற்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவிட்டாற் போதும். முன்னர்ப் பொதிகை என வழங்கி 2024-இல் டிடி தமிழ் எனப் பெயர் பெற்ற அலைவரிசையை அதிற் காணலாம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாட்டிற்கு முதன்மையானவை என அரசு குறிக்கும் விளையாட்டுப் போட்டிகளைத் தனியார் ஒளிபரப்பாளர் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும். ஆதலின் இந்திய அணியின் முதன்மையான போட்டிகள் பலவற்றை அதிலேயே காணலாம். ஆயினும் தனியார்த் தமிழ் அலைவரிசைகள் அதிற் குறைவு. வீட்டார் விரும்புவன வருமா என அறிந்தே வாங்குதல் நன்று. பலர் படித்தற்கும் பணிசெய்தற்கும் இணையம் வேண்டிய வீட்டில், ஒவ்வொருவரும் தனித்தனியே டேட்டா வாங்குவதினும், வீட்டிற்கு ஓர் இணைப்பாகப் பெறுதல் பொதுச் செலவாய் நிற்கும். தொலைக்காட்சியை ஒருவருமே காணாத வீட்டில் அதனை அறவே நிறுத்தலே தக்கது.

நிறுத்துமுன் எழுப்பத்தக்க வினாக்கள்

மாணவ நண்பர்காள்! வீட்டிற் சிக்கனம் பேசுமுன் கீழ்வரும் வினாக்களுக்குத் தாளில் விடை எழுதுமாறு வேண்டுகின்றேன்.

1. இச்செலவு ஆண்டு முழுமைக்கும் எவ்வளவு? 28 நாட் செலவாயின் 13-ஆற் பெருக்கினோமா?

2. இதனைத் துய்ப்போர் எத்துணைப் பேர்? தலைக்கு எவ்வளவு ஆகின்றது?

3. இதனை நிறுத்தினால் இதன் இடத்திற் புகும் செலவு யாது?

4. இழப்பவர் யார்? நிறுத்துக என்று கூறுபவரும் இழப்பவரும் ஒருவரேயா, வெவ்வேறு பேரா?

5. அறவே நிறுத்தாமற் குறைத்தல் இயலுமா?

6. மிஞ்சும் பொருள் எங்கே சென்று சேரும்?

இவற்றுள் நான்காவதே தலையாயது. நாம் துய்க்காததை நிறுத்துக என்பதில் தியாகம் யாதும் இல்லை.

முடிவுரை

கோபுரங் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நம் ஆண்டவர் உவமை கூறினார். கட்டுதற்கு மட்டுமன்று, நிறுத்துதற்கும் அவ்வாறு உட்கார்ந்து கணக்கிடுதல் வேண்டும் என்பதை யான் காலந்தாழ்த்தே அறிந்தேன்.

ஐந்து அப்பங்களைக் கொண்டு ஐயாயிரவர் உண்ட வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். எஞ்சிய துணிக்கைகள் ஒன்றும் வீணாகாதபடி சேர்க்கப்பட்டன. பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. சிக்கனத்திற்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை எனச் சிறுவயது முதற் கேட்டிருக்கின்றேன். ஆயின், கூடைகள் எப்பொழுது நிறைந்தன என்பதை இவ்வாண்டிலேயே கருதிப் பார்த்தேன். அனைவரும் உண்டு நிறைந்த பின்னரே துணிக்கைகள் சேர்க்கப்பட்டன. கூடையை நிரப்பவென ஒருவர் கையிலிருந்தும் அப்பம் பறிக்கப்படவில்லை.

இப்பொழுது பிற்பகல் 2 மணிக்கு அடுத்த வீட்டு அம்மையார் மீண்டும் வருகின்றார். அஞ்சலகப் புத்தகத்தைப் பாட்டியார் தம் வேதாகமத்தினுள் வைத்துள்ளார். திங்கள்தோறும் 100 ரூபாயைக் கட்டிவரும் பொறுப்பு எனக்குரியது.